முகமில்லாத கங்காணி

சம்பள நாள் என்றால் என்னவென்று தோட்டத்திற் பிறந்தவர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மாதம் முழுவதும் வெயிலிலும் மழையிலும் பாடுபட்டவன், ஆபீசு வாசலில் வரிசையில் நின்று, தன் பெயரைக் கூப்பிடக் கேட்டு, கைநாட்டு வைத்துக் காசை எண்ணி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று அந்தக் காசு பாங்கிக் கணக்கிற் போய்ச் சேருகின்றது. எனினும் கணக்கெழுத ஒரு கிராணி இருக்கின்றார். ஒரு நாள் கூலி குறைந்தால் போய்க் கேட்பதற்கு ஓர் ஆபீசு இருக்கின்றது. அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் தொழில் இலாகா இருக்கின்றது. இவை யாரும் தானமாகக் கொடுத்தவையல்ல. நம்முடைய பாட்டன் பாட்டிமார் அடியும் பட்டினியும் பட்டுச் சம்பாதித்துக் கொடுத்தவை.

இம்மூன்றும் இல்லாத புதியதொரு தோட்டம் இப்பொழுது நம் பிள்ளைகளை வா வாவென்று அழைத்துக்கொண்டிருக்கின்றது. அதற்கு வேலியில்லை, லயமில்லை, பெரட்டுக்களமில்லை. அதன் பெயர் இணைய வேலைத்தளம். உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவருக்கு வேலை ஆக வேண்டும். இங்கே ஒருவர் வீட்டில் இருந்தபடியே அதைச் செய்து கொடுக்கின்றார். இருவரையும் சேர்த்து வைத்து அத்தளம் கழிவு எடுத்துக்கொள்கின்றது. கேட்பதற்கு இது நல்ல ஏற்பாடாகவே இருக்கின்றது. ஆனால் செய்த வேலைக்குக் கூலி வராமற் போனால் பொறுப்பாளி யார் என்னும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அத்தனை பேரும் மறைந்துவிடுவார்கள். அக்கேள்வியைத்தான் நாம் இவ்வாரம் கேட்கத் துணிகின்றோம்.

நாம் புக்கிட் தெங்காவிற் குடியிருந்து, தென் செபராங் பிறையிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைத்து வருகின்றோம். ஆங்கில வழியிற் படித்தோம் என்னும் காரணத்தால் அக்கம்பக்கத்தவர் கடிதம், மனு, படிவம் ஆகியவற்றை நம்மிடம் கொண்டுவருவது வழக்கம். எங்கள் அடுக்குமாடியில் இருபத்து நான்கு வயதுப் பெண்ணொருத்தி இருக்கின்றாள். தகப்பனார் தோட்டத்தில் லாரி ஓட்டியவர், காலஞ்சென்றார். தாயார் வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வருகின்றார். தாயாரைத் தனியே விட்டு புக்கிட் மின்யாக் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிநேர ஷிப்டுக்குப் போக அப்பெண்ணால் இயலாது. ஆகவே வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலையொன்றை ஒரு தளத்தின் மூலம் தேடிக்கொண்டாள். ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து கொடுப்பதே அவ்வேலை.

"அண்ணே, இதை ஒரு தடவை படிச்சுப் பார்த்துச் சொல்றீங்களா?" என்று தளத்தின் விதிகளை நம்மிடம் காட்டினாள். நாற்பது பக்கத்துக்கு மேலிருந்த அவ்விதிகளை நாம் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "பயமில்லையம்மா, செய்" என்று சொன்னோம்.

வேலைக்கு 240 அமெரிக்க டாலர் பேசப்பட்டது. முதற்பகுதிக்கான 40 டாலரை வேலைகொடுத்தவர் தளத்திற் கட்டினார். அது ஒழுங்காக வந்தது. தளமும் தன் கழிவை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டது. நம்பிக்கை பிறந்தது. பாக்கி 200 டாலரைத் திங்கட்கிழமை கட்டிவிடுவதாகவும், வேலை அவசரமாதலால் பதிவுகளை அதற்கு முன்பே அனுப்பும்படியும் வேலைகொடுத்தவர் எழுதினார். மூன்று வாரம் இரவில் தாயாரின் கட்டிலருகே உட்கார்ந்து செய்த வேலையை அவள் அனுப்பிவைத்தாள். திங்கட்கிழமை வந்தது, பணம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த வேலைகொடுத்தவரின் கணக்கே தளத்தில் இல்லை. தளத்துக்கு எழுதினாள். யந்திரம் எழுதியது போன்ற ஒரு பதில் வந்தது: அத்தொகை முன்கூட்டிக் கட்டப்படவில்லையாதலால் தாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, தொழிலாளிக்கும் வேலைகொடுப்பவருக்கும் இடையேயுள்ள ஒப்பந்தத்தில் தாங்கள் ஒரு தரப்பினரல்லர். நாம் புரட்டித் தள்ளிய பக்கங்களில் ஒன்றில் இது எழுதியே இருந்தது. 200 டாலர் என்பது ஏறக்குறைய எண்ணூறு வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி என்பதை நினைத்தால், அப்பெண் இழந்தது எவ்வளவு என்பது விளங்கும்.

இதைச் சொல்லும் நாமும் தப்பியவரல்லர். ஒரு யந்திரத்தின் கையேட்டைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தோம். பணம் வந்தது, பிள்ளையின் பள்ளிச் செலவுக்குப் போய்விட்டது. மூன்றாவது வாரத்தில், வேலைகொடுத்தவர் பயன்படுத்தியது திருட்டுக் கடன் அட்டையென்றும், அதன் உரியவர் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாரென்றும், ஆகையால் நம் கணக்கில் அத்தொகை கடனாக நிற்கின்றதென்றும் தளம் அறிவித்தது. திருடியவன் எவனோ, அவனை உள்ளே விட்டது தளம், தண்டம் கட்டியவர் நாம்.

நிற்க. இவற்றைக் கேட்டவுடன் சிலர், "ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டாமா?" என்று கூறுவர். ஜாக்கிரதை வேண்டியதுதான். வீடியோவுக்கு விருப்பக் குறியிட்டால் காசு என்று டெலிகிராமில் அழைத்து, முதலில் இருபது வெள்ளி கொடுத்து ஆசை காட்டி, பிறகு பெரிய வேலைக்கு முன்பணம் கட்டென்று ஆயிரக்கணக்கிற் பிடுங்கிக்கொள்ளும் கூட்டத்தை நாம் அறிவோம். இந்தியாவில், தட்டச்சு வேலை தருவதாக ஒப்பந்தத்திற் கையெழுத்து வாங்கி, வேலையில் பிழை மலிந்துவிட்டதென்று சொல்லி, வக்கீல் நோட்டீசு விட்டு வேலை செய்தவனிடமே பணம் பறிக்கும் கூட்டத்தையும் அறிவோம். "சம்பளம் உன் கணக்குக்கு வரும், கணக்கைச் சில நாள் எங்களிடம் கொடு" என்று கேட்டுப் பாங்கிக் கணக்கை இரவல் வாங்குவோரையும் அறிவோம். 2024-இல் திருத்தப்பட்ட குற்றவியற் சட்டப்படி, கணக்கை அவ்வாறு பிறர் கையில் ஒப்படைத்தவரும் குற்றவாளியாகலாம் என்பதை நம் இளைஞர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இவர்களெல்லாரும் வெளிப்படையான திருடர்கள். திருடனுக்குப் போலீசு இருக்கின்றது.

நம்முடைய வழக்கு திருடனோடு மட்டுமன்று. திருடன் வந்து போகும் வாசலை வைத்துக்கொண்டு, போவோர் வருவோரிடம் சுங்கம் வாங்கிக்கொண்டு, களவு போனால் மட்டும் "நாம் யாரோ" என்று சொல்லும் வீட்டுக்காரரோடுதான் நம் வழக்கு.

தளத்தார் சொல்லுகின்ற சமாதானம் யாதெனில், தாங்கள் வெறும் சந்தைத் திடலென்பதும், விற்பவரும் வாங்குபவரும் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டுமென்பதுமாம். இது எவ்வளவு தூரம் உண்மை? ஃபைவர் என்னும் தளம் தொழிலாளி ஈட்டும் நூறு டாலரில் இருபது டாலரை எடுத்துக்கொள்கின்றது. எந்தச் சந்தைத் திடலில் நூற்றுக்கு இருபது வாடகை கேட்கின்றார்கள்? அப்வொர்க் தளத்தில் ஒரு வேலைக்கு மனுப்போடுவதற்கே சீட்டுகள் செலவாகின்றன. இலவசமாகக் கிடைப்பவை தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, சீட்டுக் காசு தளத்துக்குத்தான். அதே தளத்தில் மணிக்கணக்கு வேலைக்குக் கூலிப் பாதுகாப்பு வேண்டுமானால், தொழிலாளியின் திரையை மணிக்கு ஆறு முறை படம் பிடிக்கும் ஏற்பாட்டுக்கு அவர் உட்பட வேண்டும். நம் தோட்டத்தில் எந்த மண்டோரும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மரத்தடியில் வந்து நின்று பார்த்ததில்லை!

ஆக, தொழிலாளியின் விரல் தட்டச்சுப் பலகையில் அசைகின்றதா என்று பார்க்கத் தெரிந்தவர்க்கு, வேலைகொடுப்பவரின் பணப்பை காலியா நிறைவா என்று பார்க்கத் தெரியவில்லை என்று நாம் நம்ப வேண்டும். தொழிலாளியின் அடையாளச் சீட்டையும் முகப்படத்தையும் கேட்டு வாங்கத் தெரிந்தவர்க்கு, மறுபக்கத்திலிருப்பவன் ஆளா பேயா என்று விசாரிக்கத் தெரியவில்லை என்றும் நம்ப வேண்டும். தெரியாமையன்று இது, அவசியமில்லாமை. ஏமாற்றினால் நஷ்டம் தளத்துக்கு இல்லை. நஷ்டமில்லாதவர்க்கு விழிப்பும் இராது.

இந்நாட்டுத் தமிழர்க்கு இந்த வித்தை புதியதன்று. நாம் வாழும் இந்தச் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டனர். வந்த செலவு கடனாக எழுதப்பட்டது. கடன் தீரும் வரை உடம்பு பிணையாக நின்றது. அம்முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதற்கும் முன்பே தழைத்திருந்த கங்காணி முறை அதன்பின் முழு ஆட்சி செலுத்தியது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வருவான். அவன் ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவென்று அவனுக்குத் தலைக்காசு உண்டு. 1938-இல் இந்திய சர்க்கார் இவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடுத்த பிறகுதான் அந்த ஏற்றுமதி நின்றது.

கங்காணியை நாம் புகழ வரவில்லை. பிறர் வியர்வையில் தலைக்காசு தின்றவன் அவன். ஆனால் அவனுக்கு ஒரு முகம் இருந்தது. அவன் ஊர் தெரியும், வீடு தெரியும், அநியாயம் முற்றினால் நாலு பேர் கூடி அவன் வாசலில் நிற்க முடியும். இன்றைக்கு வந்திருப்பவனோ தலைக்காசை மட்டும் தவறாமல் எடுத்துக்கொள்கின்றான். முகத்தை எடுத்து ஒளித்துக்கொண்டான். அவன் வாசல் எங்கேயிருக்கின்றதென்று யாருக்கும் தெரியாது. "நீ கூலியல்ல, உனக்கு நீயே முதலாளி" என்று தொழிலாளியைப் பார்த்துச் சொல்லவும் கற்றுக்கொண்டான். இந்த முதலாளிப் பட்டம் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த நாள் முதல் அவர்களுக்குக் கூலிச் சட்டமும் இல்லை, முதலாளியின் இலாபமும் இல்லை.

சட்டம் என்ன சொல்லுகின்றதென்று பாருங்கள். 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். நம் செக்ரோலில் அது ஒரு நாள் தவறினாலும் மானேஜருக்குத் தூக்கமில்லை. ஒரு கடையில் வாங்கிய மின்கெண்டி மறுநாளே பழுதானால், பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கின்றது. வக்கீலில்லாமல் 50,000 வெள்ளி வரைக்கும் அங்கே வழக்காடலாம். கெண்டி வாங்கியவனுக்கு உள்ள நியாயம், மூன்று வாரக் கண்விழிப்பை விற்றவளுக்கு இல்லை. சிறு வழக்காக மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட வழக்கை அங்கே வக்கீலின்றித் தொடுக்கலாம் என்பது மெய்யே. ஆனால் யார் மேல் தொடுப்பது? சம்மனை எந்த விலாசத்துக்கு அனுப்புவது?

2025 ஆகஸ்டு 28-ஆம் தேதி நம் நாட்டு மக்களவையிலும், செப்டம்பரில் மேலவையிலும் கிக் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. அப்பொழுது மனிதவள அமைச்சராயிருந்து அதைக் கொண்டுவந்தவர், நம் அண்டைத் தொகுதியாகிய புக்கிட் மெர்தாஜாமின் உறுப்பினர் ஸ்டீவன் சிம். வண்டியோட்டிகள், உணவு கொண்டுபோய்க் கொடுப்போர் ஆகியோரோடு, மொழிபெயர்ப்பு, படப்பிடிப்பு முதலிய சில தொழில்களைச் செய்வோரையும் அச்சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கின்றது. அவர்களுக்கெனத் தீர்ப்பாயம் ஒன்றும் அதில் வகுக்கப்பட்டிருக்கின்றது. இதை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆயினும் சட்டத்தின் கை நாட்டின் எல்லை வரைக்குந்தான் நீளும். மோட்டார் சைக்கிளில் சோறு கொண்டுபோகும் தம்பிக்குச் சம்பளம் தராத கம்பெனிக்குக் கோலாலம்பூரில் ஓர் ஆபீசு உண்டு. நம் மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு வேலைகொடுத்தவர்க்கு ஆபீசும் இல்லை, மெய்யான பெயரும் இல்லை. ஆகையால் அவள் வழக்கில் எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரே கழுத்து, நடுவில் நின்று கழிவு வாங்கியவருடைய கழுத்துத்தான். அதைப் பிடிக்காத சட்டம் அவளைப் பொறுத்தவரையில் பாதிச் சட்டமே.

சர்க்காருக்கு இதில் பொறுப்பு இல்லையென்றும் சொல்லிவிட முடியாது. 2015-இல் இ-ரெசெக்கி என்றும், மறு வருஷம் குளோ என்றும் திட்டங்கள் வகுத்து, குறைந்த வருமானமுள்ள குடும்பத்தாரையும் படித்த இளைஞரையும் இணையத்தில் வேலை தேடப் பழக்கியது நம் சர்க்கார்தான். வழியைக் காட்டியவர் வழியிலுள்ள பள்ளத்துக்கும் விளக்கு வைக்க வேண்டாமா?

"இவ்வளவு கட்டுப்பாடு போட்டால் தளங்கள் ஓடிப்போகும், உள்ள வேலையும் போகும்" என்று பயமுறுத்துவோரும் உண்டு. ஒவ்வொரு தொழிற்சட்டம் வந்தபொழுதும் தோட்ட முதலாளிமார் பாடிய பழைய பல்லவி இது. நியூயார்க் நகரத்தில் 2017 மே மாதம் முதல் ஒரு சட்டம் நடப்பிலிருக்கின்றது. 800 டாலரும் அதற்கு மேலுமான தனிவேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். தேதி குறிக்கப்படாவிட்டால் வேலை முடிந்த 30 நாளைக்குள் பணம் கொடுக்க வேண்டும். கொடாதவர் இரட்டிப்பாகக் கொடுக்க நேரும். அதனால் நியூயார்க்கில் வேலை ஒழிந்துபோய்விட்டதா? இல்லை, 2024-இல் அந்த மாநிலம் முழுவதற்குமே அத்தகைய சட்டத்தை விரித்திருக்கின்றார்கள். ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் 2025 ஜூன் மகாநாட்டில், தளத் தொழிலாளர்க்கென ஓர் உலக ஒப்பந்தமே இயற்றுவதென்று முடிவு செய்தது.

கணக்கெழுதுபவர் என்ற முறையில் நம்மைத் திடுக்கிடச் செய்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இணையத்தின் வழி இவ்வாறு பிழைப்போர் உலகத்தில் 15 கோடியே 40 லட்சம் முதல் 43 கோடியே 50 லட்சம் வரை இருக்கலாமென்று உலக வங்கி 2023-இல் வெளியிட்டது. இரண்டுக்கும் இடையே 28 கோடிப் பேர்! நம் செக்ரோலில் ஒரு தலை குறைந்தால் பதில் சொல்லி மாளாது. இங்கே 28 கோடித் தலைகள் உண்டா இல்லையா என்பதே தெரியவில்லை. எண்ணப்படாத கூலிக்கு எவரும் கணக்குக் கொடுப்பதில்லை.

ஆகையால் நாம் கேட்பது மிகவும் எளியது. கழிவு வாங்குபவர் கூலிக்குப் பொறுப்பேற்க வேண்டும். வேலை தொடங்குமுன் அதற்குரிய முழுத்தொகையையும் தளம் தன் கையில் வாங்கி வைக்கட்டும். வாங்காத வேலையைத் தளத்தில் அனுமதியாதிருக்கட்டும். ஒரு முறை தொழிலாளிக்குக் கொடுத்த கூலியை, வேலைகொடுத்தவன் திருடனென்னும் காரணத்துக்காகத் தொழிலாளியிடமிருந்து பிடுங்காதிருக்கட்டும். இந்நாட்டில் ஆள் சேர்க்கும் எந்தத் தளமும் இந்நாட்டில் சம்மன் வாங்குவதற்கு ஒரு விலாசம் வைக்கட்டும். புகாரைக் கேட்பதற்கு யந்திரத்தை அல்ல, ஒரு மனிதரை வைக்கட்டும். இதில் எது அக்கிரமமான கோரிக்கை? தலைக்காசு வாங்கியவன் தலைக்கு ஆபத்து வந்தபொழுது எட்டிப் பார்க்க வேண்டுமென்பது மட்டுமே.

இனி, நம்மவர்க்குச் சில வார்த்தைகள். சட்டம் வரும் வரை சும்மா இருப்பது சரியன்று. பணம் தளத்திற் கட்டப்பட்டதைக் கண்ணாற் கண்ட பிறகே வேலை தொடங்குங்கள். தளத்துக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாமென்று அழைப்பவனை நம்பாதீர்கள். வேலை பெறுவதற்காகக் காசு கேட்பவன் வேலைகொடுப்பவன் அல்லன். பேச்சையும் கணக்கையும் ஒவ்வொன்றாகப் பிரதியெடுத்து வையுங்கள். முன்பணம் கட்டி ஏமாந்தால் வெட்கப்பட்டு ஒளிந்திராமல் உடனே 997 என்னும் எண்ணுக்குப் பேசுங்கள். பணம் கைமாறிப் போகுமுன் பாங்கியில் தடுக்க ஒரு வழியுண்டு. "எல்லாம் தலையெழுத்து" என்று மட்டும் சொல்லாதீர்கள். இது தலையில் எழுதியதன்று. தளத்தின் விதியில் ஆங்கிலத்தில் எழுதியது. மனிதர் எழுதியதை மனிதர் திருத்தலாம்.

ஆங்கிலம் தெரிந்த கிராணிமாருக்கு ஒரு விண்ணப்பம். நம் முன்னோரிற் பலர் துரையின் பேனாவாக இருந்தார்களே ஒழிய, கூலியின் நாக்காக இருந்ததில்லை. அந்தப் பழியை இப்பொழுதாவது துடைப்போம். ஒவ்வொரு ஊரிலும் தளவேலை செய்யும் பிள்ளைகளை மாதம் ஒருமுறை ஒன்றுகூட்டி, ஏமாற்றிய வேலைகொடுப்போரின் பெயரை ஒரு பேரேட்டில் எழுதி, அடுத்தவர் அதே குழியில் விழாதபடி தடுப்போம். புக்கிட் தெங்காவில் அப்படியொரு பேரேட்டை நாம் திறந்திருக்கின்றோம். அதன் முதல் வரியில் இருப்பது மூன்றாம் மாடிப் பெண்ணின் 200 டாலர். இரண்டாம் வரி நம்முடையது.

அப்பெண் மறுபடியும் வேலை தேடுகின்றாள். அவளுக்கு வேறு வழியில்லை. போன வாரம் வேறொரு தளத்தின் விதிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். இம்முறை நாம் புரட்டவில்லை. மூன்று இரவு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். முப்பத்தோராம் பக்கத்தில் அதே வாசகம் இருந்தது: நாங்கள் தரப்பினரல்லர். அதன் கீழே சிவப்பு மையாற் கோடிட்டு அவளிடம் திருப்பிக் கொடுத்தோம். அவ்வரி சட்டத்தால் அடிபடும் வரை நம் பேனாவுக்கு ஓய்வில்லை.